ஒரு நடிகையும் ஒரு வதந்தியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாங்க ஆவணங்களிலே படிக்கலாம், போர்க்களங்களிலே படிக்கலாம், சில வேளைகளில் ஒரு கலைஞரின் வாழ்க்கையிலும் படிக்கலாம். தென்னமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா நாட்டிலே பிறந்து, ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளிலெல்லாம் புகழ்பெற்று விளங்கிய லிபர்தாத் லமார்க்கே அம்மையாரின் வாழ்க்கை அத்தகையது. 'லிபர்தாத்' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு 'விடுதலை' என்பது பொருள். அரசு என்பதே வேண்டாம் என்னும் கொள்கையில் ஊறிய தந்தையார் தம் மகளுக்கு விரும்பி இட்ட பெயர் அது. பெயருக்கேற்ற வாழ்வை அவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதை இங்கே காண்போம்.

1908ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், பரானா ஆற்றங்கரையிலுள்ள ரொசாரியோ என்னும் துறைமுக நகரிலே லமார்க்கே பிறந்தார். இளமையிலேயே நாடக மேடை ஏறிய அவர், 1920களில் தலைநகராகிய புவெனஸ் அயர்ஸுக்கு வந்து சேர்ந்தார். ஐரோப்பாவிலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழை மக்கள் அந்நகரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றிய அறைகளில் நெருக்கமாகக் குடியிருந்தனர். அத்தகைய குடியிருப்புகளைச் சூழ்ந்த புறநகர்களிலேதான் 'டாங்கோ' என்னும் இசையும் நடனமும் தழைத்தன. பிரிவுத் துயரும், வறுமையும், பொய்த்துப்போன காதலுமே டாங்கோப் பாடல்களின் பொருள். அக்குடியிருப்பு வாழ்வைச் சித்திரித்து 1929இல் அரங்கேறிய வக்கரேசாவின் நாடகமொன்றில் நடித்துப் பாடிய லமார்க்கே, மக்களின் மனத்தைக் கவர்ந்தார்.

அடுத்த ஆண்டு ஒரு மௌனப் படத்தில் அவர் தோன்றினார். குரலால் புகழ்பெற்றவருக்குப் பேசாத படத்தில் என்ன வேலை? அவருக்குரிய காலம் 1933இல் பிறந்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் 'டாங்கோ' என்ற பெயரோடு வெளிவந்த பேசும் படத்தில், அந்நாட்டின் சிறந்த பாடகர்கள் பலரோடு அவரும் இடம்பெற்றார். ஹாலிவுட் படங்கள் அந்நாளில் உலகச் சந்தையையே ஆண்டுகொண்டிருந்தன. ஆனால் அவை பேசியது ஆங்கிலம். தம் மொழியைக் கேட்கவும், தாம் முணுமுணுக்கும் பாடலைத் திரையிலே காணவும் ஏங்கிய மக்களுக்கு 'டாங்கோ' பெருவிருந்தாயிற்று.

1936இல் பெரேய்ரா என்பவர் இயக்கிய 'நான் வாழத் துணைசெய்' என்னும் பொருள்படும் படம் லமார்க்கேயின் புகழை நாட்டின் எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றது. அதன் கதையை அமைத்தவரும் அவரே. துயரம் முற்றி, பேச்சு போதாமற்போகும் இடத்தில் கதைத்தலைவி பாடத் தொடங்குவாள். பாட்டே கதையை நடத்திச் செல்லும். இம்முறை மக்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1937இல் 'மாய முத்தங்கள்', 1938இல் 'மாத்ரெசெல்வா', 1939இல் 'அடைத்த கதவு' என வெற்றிகள் தொடர்ந்தன. கடைசிப் படத்தில், குழந்தையைப் பிரிந்து சிறையிலே வாடும் பாடகியாக அவர் நடித்தார். 'அமெரிக்காவின் காதலி' என்று லத்தீன் அமெரிக்க மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

இந்நிலையில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அர்ஜென்டினா நெடுநாள் நடுநிலை வகித்தது. அதனை விரும்பாத ஐக்கிய அமெரிக்கா, அந்நாட்டுக்கு அனுப்பிவந்த படச்சுருளை வெகுவாகக் குறைத்தது. 1942இல் நேச நாடுகளின் பக்கம் போரில் இறங்கிய மெக்சிகோவுக்கோ, சுருளும் உதவியும் தாராளமாகக் கிடைத்தன. படச்சுருள் இல்லையேல் படம் இல்லை. எனவே ஸ்பானிய மொழிப் படவுலகின் தலைமை மெல்ல மெல்ல புவெனஸ் அயர்ஸை விட்டு மெக்சிகோவுக்குப் பெயர்ந்தது.

இக்காலத்தில் மாரியோ சொஃபிசி இயக்கி, 1945இல் வெளிவந்த படம் 'சர்க்கஸ் ஊர்வலம்'. அதிலே தலைவி லமார்க்கே. சிறு வேடமொன்றில் நடித்தவர் ஏவா துவார்த்தே என்னும் இளம் வானொலி நடிகை. அவர் அப்போது கர்னல் பெரோனின் நட்பைப் பெற்றிருந்தார். படப்பிடிப்பின்போது இருவருக்கும் மனக்கசப்பு ஏற்பட்டது. லமார்க்கே ஏவாவைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்ற செய்தி ஊரெங்கும் பரவியது. 1945 அக்டோபரில் ஏவா பெரோனை மணந்தார். 1946 ஜூனில் பெரோன் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டிலேயே லமார்க்கே மெக்சிகோவில் குடியேறினார்.

அடி விழுந்ததா? இல்லவே இல்லை என்று லமார்க்கே தம் வாழ்நாள் இறுதிவரை மறுத்தார். ஏவா நேரம் தவறி வந்ததால் தாம் சினந்தது உண்மை என்றும், கை நீட்டியது பொய் என்றும் அவர் கூறினார். ஆயினும் வதந்தி ஓயவில்லை. மாணவர்கள் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஓர் அறையால் ஒரு நடிகை நாட்டை விட்டே போனாள் என்பது சொல்லச் சுவையான கதை. ஆனால் படச்சுருள் பஞ்சமும், மெக்சிகோவின் வளர்ச்சியும், ஆட்சியாளரின் வெறுப்புக்கு ஆளான கலைஞருக்குச் சொந்த நாட்டிலே வாய்ப்புச் சுருங்கும் கொடுமையும் அக்கதைக்குள்ளே மறைந்துபோகின்றன. சுவையான காரணத்தைக் கேட்டதும் மற்றக் காரணங்களைத் தேடாமல் விடுவது வரலாறு கற்பவருக்கு அழகன்று.

மெக்சிகோவில் அவர் சோர்ந்துவிடவில்லை. 1947இல் லூயி புன்யுவெல் அந்நாட்டில் இயக்கிய முதற்படமான 'கிரான் கசினோ'வில் ஹோர்ஹே நெக்ரெத்தேயுடன் நடித்தார். படம் தோல்வியுற்றது, லமார்க்கேயின் புகழோ குன்றவில்லை. தாய் வேடங்களை ஏற்று, அடுத்த தலைமுறையையும் தம் வயமாக்கினார். 1955இல் பெரோன் ஆட்சி வீழ்ந்தது. 1972இல் 'அம்மாவின் புன்னகை' என்னும் அர்ஜென்டினப் படத்தில் அவர் மீண்டும் தோன்றினார். பின்னர்த் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், தம் 92ஆம் வயதில், மெக்சிகோ நகரில் அவர் காலமானபோதுகூட ஒரு தொடரில் நடித்துக்கொண்டிருந்தார்.

நடித்த படங்கள் அறுபதுக்கு மேல். அவற்றுள் பெரும்பாலானவை புகலிடம் தந்த நாட்டிலே உருவானவை. பிறந்த மண்ணில் ஒரு கதவு அடைபட்டது. பாட்டு மற்றொரு கதவைத் திறந்தது. தந்தை இட்ட பெயருக்கு மகள் தேடித்தந்த பொருள் அதுவே.