கீழ்ப்படிதலும் கூலியும்: லூசி களப்புரா நீக்கத்தை முன்வைத்து

அருட்சகோதரி லூசி களப்புராவை 2019 ஆகஸ்டில் பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை நீக்கியது. அவர்மீது சுமத்திய குற்றங்களில் மறைக்கோட்பாடு பற்றிய பிணக்கு எதுவும் இல்லை. அனுமதியின்றிக் கவிதை நூல் வெளியிட்டார், ஓட்டுநர் உரிமம் எடுத்தார், கார் வாங்கினார், ஆசிரியப் பணியின் சம்பளத்தைச் சபையிடம் ஒப்படைக்கவில்லை என்பவையே முதன்மையானவை. 2018 செப்டம்பரில், கன்னியர் ஒருவரின் பாலியல் வன்கொடுமைப் புகாருக்கு ஆளான ஆயர் பிராங்கோ முளய்க்கல்லைக் கைது செய்யக் கோரிக் குறவிலங்காடு மடத்துச் சகோதரிகள் கொச்சியில் நடத்திய போராட்டத்தில் அவர் கலந்துகொண்டதற்கும் சபை விளக்கம் கேட்டிருந்தது. இத்தகைய மோதல்களைப் பெண்ணியத்துக்கும் மறைபோதனைக்கும் இடையிலான கருத்துப்போராகவே பேசிவருகிறோம். 2012 ஏப்ரலில் அமெரிக்கக் கன்னியர் தலைவியர் பேரவையில் தீவிரப் பெண்ணியச் சிந்தனைகள் பரவியிருப்பதாக வத்திக்கான் கண்டித்ததும், 2015 வரை அதைப் பேராயர் ஒருவரின் மேற்பார்வையில் வைத்ததும் அந்தப் பழக்கத்தை வலுப்படுத்தின. இந்தியச் சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. கன்னியரின் உழைப்பும் உறைவிடமும் யார் கையில் இருக்கின்றன என்பதே இங்கே அடிப்படைச் சிக்கல் என்பது என் வாதம்.

துறவி தன் உழைப்பால் ஈட்டுவதெல்லாம் சபைக்கே சேரும் என்கிறது இலத்தீன் திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதி. வெளியேறுபவரோ வெளியேற்றப்படுபவரோ, செய்த வேலைக்காக எதையும் கேட்க இயலாது என்கிறது 702ஆம் விதி. லூசியின் சபைக்குப் பொருந்தும் கீழைத் திருச்சபைகளின் சட்டமும் இதையொட்டியதே. அரசு உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றும் கன்னியர், குருக்கள் ஆகியோரின் சம்பளத்தில் வருமான வரி பிடிப்பதை எதிர்த்துத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்குகளில், வார்த்தைப்பாடு கொடுத்தவர் குடியியல் மரணம் அடைந்தவர், எனவே சம்பளம் அவருடையதன்று என்று திருச்சபைத் தரப்பே வாதிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் இதை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் மேல்முறையீடுகளைத் தள்ளியது. வகுப்பறையில் நின்று பாடம் நடத்தும் பெண்ணைச் சட்டத்தின் கண்ணில் இறந்தவராகக் காட்ட முன்வந்த அந்த வாதம் என்னை உலுக்குகிறது. வரிவிலக்குக்காகச் சொல்லப்பட்டதுதான், ஆனாலும் மடத்துக்குள் நிலவும் உறவை வேறெந்த ஆவணமும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை.

திருப்பூர் வட்டாரத்துக்கு இது புரியாத உறவல்ல. காதர்பேட்டையில் கட்டுக்கட்டாக விலைபோகும் பனியனுக்குப் பின்னால் இருக்கும் நூற்பாலைகள் பலவற்றில், சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்கள் விடுதியில் தங்கவைக்கப்பட்டார்கள். மூன்றாண்டு போல வேலை செய்தால் முடிவில் மொத்தத் தொகை. இடையில் போனால் அது கிடைக்காமல் போகும். கூலி, படுக்கை, வாசற்கதவு மூன்றும் ஒரே கையில் இருந்ததால் மேற்பார்வையாளர்மீது புகார் சொல்ல அந்தப் பெண்கள் அஞ்சினார்கள். கன்னியர் மடத்தில் இந்த மூன்றோடு ஆன்மிக அதிகாரமும் சேர்ந்துகொள்கிறது.

ஆலைப்பெண் வறுமையால் வந்தவள், கன்னி விருப்பத்தோடு துறந்தவர், இருவரையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. துறவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உடைமையைத் துறப்பதாக வாக்களித்தவர், முறையிடும் உரிமையைத் துறப்பதாக எந்த வார்த்தைப்பாட்டிலும் சொல்வதில்லை. இந்திய ஆயர் பேரவையே 2010இல் பாலினக் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்க, சமத்துவம் வெளியிலிருந்து புகுத்தப்பட்ட சரக்கு என்பதும் பொருந்தாது. இன்னொரு மறுப்பு, 2022 ஜனவரி 14 அன்று கோட்டயம் நீதிமன்றம் ஆயரை விடுவித்தது என்பது. அந்தத் தீர்ப்பு அவர்மீதான குற்றச்சாட்டைப் பற்றியது. போராடிய சகோதரிகளுக்கு இடமாற்ற உத்தரவுகளும் லூசிக்கு நீக்கக் கடிதமும் வந்த 2019இல் தீர்ப்பே இல்லை. புகாரின் முடிவு எதுவாயினும், புகார் சொன்னவர் பக்கம் நின்றவரின் கூரை அதைப் பொறுத்து இருக்கக் கூடாது.

702ஆம் விதியின் இரண்டாம் பகுதி, பிரிந்துசெல்பவரிடம் சபை நேர்மையோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த நேர்மை எவ்வளவு தொகை, எத்தனை மாத உறைவிடம், மேல்முறையீடு முடியும்வரை மடத்தில் இருக்க உரிமை உண்டா என்பதை ஒவ்வொரு சபையும் தன் விதிநூலில் எழுதிவைக்க வேண்டும். முறையீட்டை விசாரிப்பவர்களில் அந்தச் சபைக்கும் மறைமாவட்டத்துக்கும் வெளியே உள்ள பெண்களும் இருக்க வேண்டும்.