கெட்ட செய்தி ஏறும் படி: புனேயின் இரு நிறுவனங்களும் பணியிட நம்பிக்கையும்

1. பொருளும் எல்லையும்

பணியாளரை மையமாகக் கொண்ட தலைமை என்றதும் நம் நிர்வாகவியல் நூல்கள் உணவுக்கூடம், மருத்துவக் காப்பீடு, குடும்ப விழா என்று அடுக்கத் தொடங்கிவிடுகின்றன. இவை வேண்டியவைதாம். ஆனால் இவை எல்லாம் இருந்தும் நம்பிக்கை உடைந்த வரலாறு புனே நகரில் உண்டு. கீழே இருப்பவருக்குத் தெரிந்த கெட்ட செய்தி, சொன்னவருக்குச் சேதமில்லாமல் மேலே போய்ச் சேருகிறதா என்பதே பணியிட நம்பிக்கையின் அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். டாடா குழுமத்தின் வாகன நிறுவனமான டெல்கோவின் பிம்பிரி ஆலையும் தெர்மாக்ஸ் நிறுவனமும் இங்கே ஆராயப்படுகின்றன. பஜாஜ், கிர்லோஸ்கர் கதைகள் தனிக் கட்டுரைகளுக்கு உரியவை.

2. தெளிதல் என்னும் சொல்

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. இங்கே தெளிதல் என்றால் நம்புதல். ஆராய்ந்த பின் வருவதே நம்பிக்கை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த அதிகாரம் அரசன் தன் ஆட்களை ஆராய்வதைப் பற்றியது. ஆட்கள் அரசனை ஆராய்வது பற்றி அங்கே பேச்சில்லை. தொழிற்கூடத்தில் அன்றாடம் நடப்பதோ அதுதான். குறை சொன்னவன் அடுத்த மாதம் எந்த ஷிப்டில் போடப்பட்டான் என்பதைச் சுற்றியிருப்பவர்கள் கவனிக்காமல் விடுவதில்லை.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும்போது நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் தவறு குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான எண்ணிக்கையோ அங்கேதான் கூடுதலாக இருந்தது. அந்தக் குழுக்களில் தவறை ஒளிக்க வேண்டிய பயம் இல்லை என்பது அவர் கண்ட விளக்கம். புகாரே வராத அலுவலகத்தைப் பார்த்துப் பெருமைப்படும் மேலாளர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

3. பிம்பிரி, 1989

ஜாம்ஷெட்பூரில் 1945இல் பிறந்த டெல்கோ, 1966இல் புனேக்கு வந்தது. அதன் தலைமையில் இருந்த சுமந்த் மூல்காவ்கர் வறண்ட நிலத்தில் ஏரி அமைத்து, மரங்கள் நட்டு வளர்த்த வளாகம் அது. தொழில் பழகும் இளைஞர்களுக்குப் பயிற்சிக்கூடமும் இருந்தது. டாடா என்ற பெயருக்கு நல்ல முதலாளி என்ற மதிப்பும் சேர்ந்துகொண்டது. அந்த மதிப்பே மேலே இருந்தவர்களின் கண்ணை மறைத்தது என்று கருத இடமுண்டு. எல்லாம் செய்து கொடுத்திருக்கிறோம், இனி இவர்களுக்கு என்ன குறை என்ற நினைப்பு வந்துவிட்டால் கேட்கும் பழக்கம் தானாக நின்றுபோகும்.

1980களின் பிற்பகுதியில் ராஜன் நாயரின் தலைமையில் தொழிற்சங்கம் வலுத்தது. நிர்வாகம் அவரை வேலைநீக்கம் செய்தது. அதன் பிறகு அவர் செல்வாக்கு குறையவில்லை, கூடியது. 1988 டிசம்பரில் ரத்தன் டாடா டெல்கோவின் தலைவரானார். அடுத்த ஆண்டில் மோதல் முற்றியது. அதிகாரிகளும் மாற்று அணித் தொழிலாளர்களும் தாக்கப்பட்டனர். இதை எந்த உரிமைப் பேச்சாலும் நியாயப்படுத்த முடியாது. நிர்வாகம் போட்டிச் சங்கத்தோடு ஊதிய ஒப்பந்தம் செய்துகொள்ள, நாயர் அணியினர் 1989 செப்டம்பரில் புனேயின் சனிவார் வாடா கோட்டை முன்பு திரளாக உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மாத இறுதியில் ஒரு விடியலுக்கு முன்பு காவல்துறை வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. போராட்டம் முறிந்தது, நிர்வாகம் வென்றது.

தொழிலாளர்களுக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நாங்களாகவே எண்ணியிருந்துவிட்டோம் என ரத்தன் டாடா பின்னாளில் ஒப்புக்கொண்டார். வென்ற தரப்பிலிருந்து வந்த ஒப்புதல் என்பதால் அதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

4. தெர்மாக்ஸ்: அன்பிலும் ஓர் ஆபத்து

கொதிகலன் செய்யும் தெர்மாக்ஸில் நிலைமை நேரெதிர். அங்கே பகை இல்லை. இணக்கம் சற்று மிகுந்திருந்தது. 1996இல் அதன் தலைவர் ரோஹின்டன் ஆகா இறந்ததும் அவர் மனைவி அனு ஆகா தலைமைப் பொறுப்பை ஏற்றார். மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணி படித்து, தெர்மாக்ஸின் மனிதவளத் துறையை நடத்தியவர். அடுத்த ஆண்டே விபத்தில் மகனையும் இழந்தார். கம்பெனியின் பங்கு விலை 400 ரூபாயிலிருந்து 36க்கு இறங்கியது. நாட்டின் பொருளாதார மந்தம்தான் காரணம் என்று அவரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது பெயர் போடாத ஒரு பங்குதாரரிடமிருந்து கடிதம் வந்தது. உங்களிடம் பணம் இருப்பதால் விலை சரிவு உங்களுக்குப் பொருட்டில்லை, எங்களைக் கைவிட்டுவிட்டீர்கள் என்பது அதன் சாரம். அந்தக் கடிதம் அவரை உலுக்கியது. வெளி ஆலோசகர்களை அழைத்தார். இயக்குநர் குழு திருத்தி அமைக்கப்பட்டது. தொடர்பில்லாத தொழில்கள் கைவிடப்பட்டன. நிறுவனம் மீண்டது. 2004இல் பொறுப்பை மகள் மெஹர் புதும்ஜியிடம் ஒப்படைத்தார்.

மனிதவளத் துறையிலிருந்தே வந்த, பணியாளர்கள் மீது அக்கறை கொண்ட தலைவருக்குக்கூட உண்மை வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது, அதுவும் கையெழுத்தில்லாமல். பகை வாயை அடைப்பது போலவே, தலைவர் மனம் நோகக் கூடாதே என்ற பிரியமும் வாயை அடைக்கும். மக்கள்நேயத் தலைமை பற்றிய எழுத்துகள் இந்த இரண்டாவது மௌனத்தைப் பெரிதாகப் பேசுவதில்லை.

5. சட்டம் அமைத்த படி

கெட்ட செய்தி மேலே ஏற ஒரு படி வேண்டும் என்பது இந்தியச் சட்டத்துக்குப் புதிதன்று. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 100 பேருக்குக் குறையாத தொழிலகங்களில் தொழிலாளர் தரப்பினர் எண்ணிக்கை முதலாளி தரப்பைவிடக் குறையாத பணிக்குழுவை அமைக்கச் சொல்லி அரசு ஆணையிடலாம் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 20 தொழிலாளர்கள் உள்ள இடத்திலும் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் அதே தொகுப்பின்படி, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர் தொழிலாளி ஆகமாட்டார். புனேயின் தகவல் தொழில்நுட்பப் பகுதியான ஹிஞ்சவாடியின் கண்ணாடிக் கட்டடங்களில் நள்ளிரவிலும் விழித்திருக்கும் குழுத்தலைவர்களில் பலர் இந்த வரம்புக்கு வெளியே இருப்பவர்கள். இந்தத் தொகுப்பில் அவர்களுக்கு மேலதிகாரியின் அறைக் கதவைத் தவிர வேறு படி இன்னும் அமைக்கப்படவில்லை.