கச்சும் குப்பாயமும்: மகளிர் மார்புடை வரலாறு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழக மகளிரின் மார்புடையைப் பற்றி இருவேறு கருத்துகள் பேசப்படுகின்றன. பண்டை மகளிர் கச்சணிந்து வாழ்ந்தனர். அதனை விடுத்தமை பிற்கால வீழ்ச்சி என்பது ஒன்று. மார்பை மூடும் வழக்கமே பிறநாட்டார் வரவால் உண்டாயிற்று என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உடை இருந்ததா, இல்லையா என்னும் வினாவளவில் நின்றுவிடுகின்றன. உடுத்தலையும் உடாமையையும் முடிவு செய்தவர் யாவர் என்னும் வினாவை இவை எழுப்புவதில்லை. மார்புடையின் வரலாற்றில் தலையாய வினா அதுவே என்பதைச் சொல், சிற்பம், அரசாணை, இன்றைய வழக்கு ஆகிய நால்வகைச் சான்றுகளால் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்சான்று

மார்புடையைக் குறிக்கக் கச்சு, வார், வம்பு என்னும் சொற்கள் தமிழ் நூல்களில் பயில்கின்றன. இவற்றுள் கச்சு என்பது தொடக்கத்திலிருந்தே மகளிர் மார்புக்கு மட்டும் உரிய சொல்லன்று. முல்லைப்பாட்டில் பாசறைக்கண் விளக்கேற்றும் மங்கையர் வரிகள் பொருந்திய கச்சில் வாளினைப் பூண்டு நிற்கின்றனர். ஆண்டுக் கச்சு என்பது படைக்கலம் செருகும் கட்டே ஆகும். வார் என்பது முரசு முதலியவற்றை இறுக்கிக் கட்டும் தோற்பட்டைக்கும் பெயர். எனவே, இச்சொற்கள் தைத்த உடையை அன்றிக் கட்டப்படும் பட்டையையே சுட்டின என்பது புலனாகும். கட்டுதற்குரிய ஒன்றை, உடுப்பவளே தன் உடலுக்கும் தன் அன்றாடத் தொழிலுக்கும் ஏற்ப இறுக்கவும் நெகிழ்க்கவும் இயலும் என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது.

தைத்த உடைக்கு வேறு சொற்கள் வழங்கின. மெய்ப்பை என்னும் சொல்லை முல்லைப்பாட்டு யவன வீரர்க்குக் கூறுகின்றது. உடலைப் பையில் இட்டாற்போல் மூடுவது என்பது அதன் பொருள். குப்பாயம் என்னும் சொல்லைச் சிந்தாமணி மிலேச்சரோடு சார்த்துகின்றது. தையல் உடை அயலாரோடும் ஏவலரோடும் சார்த்திப் பேசப்பட்டமை இதனால் விளங்கும். ஆயினும் தையற்றொழில் இந்நாட்டில் அறியப்படாத ஒன்றன்று. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் துன்னகாரரைக் குறிப்பிடுகின்றது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டில் கோயிற் பணியாளருள் தையான் என்பானும் வைத்து எண்ணப்படுகிறான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மாபார் நாட்டில் யாவரும் உடையின்றித் திரிதலின் தையற்காரரே இல்லை என்னும் கருத்துப்பட எழுதியதனை இச்சான்றுகளோடு ஒப்பிட்டுக் கொள்ளுதல் வேண்டும். தைக்க அறிந்திருந்தும் தையாத உடையை மக்கள் விரும்பினர் என்பதே பொருந்தும் முடிபாகும்.

இனி, கச்சின்றி இருத்தல் வறுமையின் அடையாளமுமன்று. மகளிர் மார்பிலும் தோளிலும் சந்தனக் குழம்பு முதலியவற்றால் தொய்யில் எழுதும் வழக்கத்தைக் கலித்தொகை முதலிய நூல்கள் விரித்துரைக்கின்றன. எழுதிய கோலம் முற்றும் மறைக்கப்படுவதற்கு அன்று. ஆகவே, கச்சு அணிதலும் தொய்யில் எழுதித் திறந்திருத்தலும் ஒரே பண்பாட்டினுள் அருகருகே நிலவிய இருவேறு ஒப்பனைகள் எனக் கொள்ளலாம். எனினும், இந்நூல்களில் மகளிர் உடையைப் பாடியோருள் மிகப் பலர் ஆடவர் என்பதை மறத்தலாகாது. உடுத்தவளுக்கு அது நலமாக இருந்ததா என்னும் செய்தியை அவர்தம் பாடல்களிற் காண்டல் அரிது.

2. சிற்பச் சான்று

இலக்கியம் காட்டும் இவ்விருமையைத் திருமேனிகளும் காட்டுகின்றன. தென்னாட்டுத் திருமால் கோயில்களில் உலாத் திருமேனியின் இருமருங்கும் திருமகளும் நிலமகளும் நிற்பர். இவ்விருவரையும் வேறுபடுத்தும் அடையாளங்களுள் ஒன்று, குசபந்தம் எனச் சிற்ப நூலார் கூறும் மார்க்கச்சாகும். அது திருமகளுக்கு உண்டு, நிலமகளுக்கு இல்லை. கச்சுடையாள் உயர்ந்தாள், கச்சிலாள் தாழ்ந்தாள் என்று வழிபடுவோர் எவரும் கருதுவதில்லை. இருவர்க்கும் ஒரே பூசனைதான். உடையின் உண்மையும் இன்மையும் மானத்தின் அளவுகோல் அல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. அவ்வாறாயின், மார்புடை மானத்துக்கும் இழிவுக்கும் அடையாளமாக மாறியது எங்ஙனம்? இதற்கு விடை காணத் தென்திருவிதாங்கூர் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

3. அரசாணைச் சான்று: தோள்சீலைப் போராட்டம்

கல்குளம், விளவங்கோடு, அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அதற்கு முன் அவை திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தன. அங்கு மார்பைத் திறந்திருத்தல் மேலோர்முன் கீழோர் காட்டவேண்டிய பணிவின் அடையாளமாக விதிக்கப்பட்டிருந்தது. நாயர் முதலிய உயர்சாதி மகளிர் அணியும் மேல்முண்டினை, அக்கால ஆவணங்களில் சாணார் எனக் குறிக்கப்பெற்ற நாடார் குல மகளிரும், அவர்க்குக் கீழ்ப்பட்டோராக வைக்கப்பட்ட பிறரும் அணிதலாகாது. குடை பிடித்தல், செருப்பணிதல், பொன்னகை பூணுதல், இடுப்பிற் குடம் வைத்து நீர் சுமத்தல் ஆகியனவும் அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தன. உடைத்தடை தனித்து நின்றதன்று. உடலைக்கொண்டே சாதியை அறியச் செய்யும் ஒரு முழுமையான முறையின் உறுப்பு அது.

நாடாருள் பலர் கிறித்தவம் தழுவியபின் இத்தடை வினாவிற்கு உள்ளாயிற்று. 1814-ஆம் ஆண்டில், மன்றோ என்னும் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது, சிரியக் கிறித்தவ மகளிரும் மாப்பிள்ளை மகளிரும் அணியும் குப்பாயத்தைக் கிறித்தவ நாடார் மகளிர் அணியலாம் என ஆணை பிறந்தது. மேல்முண்டிற்கு இசைவு தரப்படவில்லை. பழந்தமிழ் நூலில் அயலாரோடு சார்த்தப்பட்ட குப்பாயம் என்னும் சொல், ஈண்டுச் சாதி எல்லைக்குள் இடம் பெறாதோர்க்கு உரிய உடையின் பெயராக நிற்றல் கருதத் தக்கது. இலண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரிமாரின் துணைவியர் தளர்ந்த குறுஞ்சட்டை ஒன்றை வகுத்துக் கொடுத்தனர். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்ததும் இக்காலத்ததே.

மார்பை மூடுதல் ஒன்றே அம்மகளிரின் வேட்கையாயின், குப்பாயம் கிடைத்த அளவில் இச்சிக்கல் முடிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு முடியவில்லை. அவர்கள் குப்பாயத்தோடு மேல்முண்டினையும் தோளில் இடத் தலைப்பட்டனர். 1822-ஆம் ஆண்டில் சந்தையிலும் சாலையிலும் அவர்தம் மேலாடைகள் பற்றிக் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரி 3-ஆம் நாள், அரசப் பொறுப்பேற்றிருந்த கௌரி பார்வதி பாய் வெளியிட்ட அறிக்கை, நாடார் மகளிர் மேல்முண்டு அணிதல் தகாது என மீண்டும் தடுத்தது. ஊழியம் எனப்படும் கட்டாயப் பணியினின்று நாடார் விலகலாகாது என்பதும் அவ்வறிக்கையின் பகுதியாக இருந்தது. தோளில் இடும் துணியும் தோளால் செய்யும் ஊழியமும் ஒரே ஆணையில் இடம்பெற்றமை தற்செயலன்று. உடையில் உரிமை கொண்டவர் உழைப்பிலும் உரிமை கேட்பர் என்பதை அரசு உணர்ந்திருந்தது.

1858-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1859-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கலகம் மீண்டும் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் திருவிதாங்கூர் அரசை வற்புறுத்தினார். திவான் மாதவராவ் காலத்தில், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா 1859 சூலை 26-ஆம் நாள் புதிய அறிக்கை வெளியிட்டார். நாடார் மகளிர் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். எச்சமயத்தவராயினும் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறெவ்வகையாலும் மார்பை மூடலாம். ஆனால், உயர்சாதிப் பெண்டிரைப் போல உடுத்தலாகாது என்பன அதன் கருத்து.

இவ்வறிக்கையை மகளிர் பெற்ற முழுவெற்றியாகக் கூறுவோர் அதன் இறுதி விலக்கினை நோக்குதல் வேண்டும். மூடுதற்கு இசைவு தரப்பட்டது. எவ்வாறு மூடுவது எனத் தேர்தற்கு இசைவு தரப்படவில்லை. துணியின் தரம் முதற்கொண்டு கட்டும் முறை ஈறாக அரசே வகுத்தது. இப்போராட்டத்தை நாணம் பற்றிய போராட்டம் என்று பாதிரிமார் எழுதினர். உயர்ந்தோரைப் பின்பற்றும் ஆசை என்று எதிர்த்தோர் கூறினர். இரண்டும் குறைவுடைய விளக்கங்களே. மூடுதற்கு வழி கிடைத்தபின்னும் அம்மகளிர் அடிபட்டும் விடாது கேட்டது தேர்வுரிமையை என்பதே நிகழ்ச்சிகளின் போக்கால் தெளிவாகும். சேர்த்தலைப் பகுதியில் வழங்கும் நங்கேலி கதை இதனோடு சேர்த்துப் பேசப்படுகின்றது. அது வாய்மொழியாக வந்த செய்தி; தோள்சீலைப் போராட்டமோ ஆணைகளாலும் வழக்குகளாலும் நிறுவப்படுவது. இரண்டனையும் ஒருபடித்தான சான்றாகக் கொள்ளுதல் ஆய்வு நெறியன்று.

4. ரவிக்கையும் நடுநாட்டு வழக்கும்

தெற்கே இவ்வாறாக, தமிழகத்தின் பிற பகுதிகளில் அரசாணை இன்றியே மாற்றம் நிகழ்ந்தது. ரவிக்கை என்னும் சொல் தெலுங்கிலிருந்து வந்தது. பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் பள்ளி, நகர வாழ்க்கை, தையல் இயந்திரம் ஆகியவற்றின் வழி அவ்வுடை பரவிற்று. பரவப் பரவ, அதனை அணியாதவள் நாகரிகம் அறியாதவள் என்னும் எண்ணமும் உடன் பரவிற்று.

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அடங்கிய நடுநாட்டில், தமிழகத்தின் பிற சிற்றூர்களிற்போலவே, சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் முதிய மகளிர் பலர் ரவிக்கையின்றிச் சேலை முந்தானையை மார்பின்மேல் இழுத்துச் செருகி வாழ்ந்தனர். வெயிலில் உழைப்பார்க்கு அது காற்றோட்டமான உடை. பேரன் பேத்தியர் முன்னும் ஊரார் முன்னும் அம்மகளிர் கூசியதில்லை; அவரை இழிவாகக் கருதியவரும் இலர். அதே காலத்தில், சில குலங்களில் கணவனை இழந்த பெண்டிர்க்கு ரவிக்கை விலக்கப்பட்டிருந்தது. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. முன்னது பழகிய நலம். பின்னது விதித்த தண்டனை. ஆகவே, உடாமை என்னும் ஒரு செயலைக்கொண்டு அதன் பொருளைத் துணிதல் இயலாது. அதனைத் துணிந்தவர் யாவர் என அறிந்த பின்னரே பொருள் விளங்கும்.

இன்று மூங்கில்துறைப்பட்டில் கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருத்தலின், கரும்பு அப்பகுதியின் முதன்மையான பயிர்களுள் ஒன்று. கரும்பின் சோகை கையையும் மார்பையும் கீறும். சோகை உரிக்கும் மகளிர் சேலைக்கு மேல் ஆடவர் அணியும் முழுக்கைச் சட்டையை அணிந்து வேலை செய்வதுண்டு. தமிழகத்தின் பல பகுதிகளிலும் வயல்வேலை செய்யும் பெண்கள் இவ்வாறே செய்கின்றனர். எவர் ஆணையும் இன்றி, ஆண்மகனுக்கு உரியது என்னும் வரம்பையும் பொருட்படுத்தாது, தொழிலுக்கு ஏற்றதெனத் தாமே தேர்ந்த மார்புடை இது.

5. அளவுச் சான்று

பேச்சுவழக்கில் பாடி என்றும் எழுத்துவழக்கில் மார்க்கச்சு என்றும் வழங்கும் இன்றைய உள்ளுடை மேலைநாட்டினின்று வந்தது. நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கிய பழைய இடைக்கச்சுக்கு மாற்றாக அது தோன்றிற்று. அமெரிக்கப் பெண்மணியாகிய மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் 1914 நவம்பர் 3-ஆம் நாள் மார்க்கச்சு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மார்பின் அளவை எழுத்துகளால் குறிக்கும் முறை 1930-களில் அந்நாட்டில் உருவாயிற்று. மார்பின்கீழ்ச் சுற்றளவு ஒன்று, மார்பின் சுற்றளவு ஒன்று என இரண்டு அளந்து, அவற்றின் வேறுபாட்டால் கிண்ணத்தின் அளவு அறியப்படும். பாரத்தைப் பெரிதும் தாங்கவேண்டுவது கீழ்ச்சுற்றுப் பட்டையே, தோட்பட்டை அன்று. தோளில் வடு விழுமாயின் கீழ்ப்பட்டை தளர்ந்துள்ளது என்பது பெரும்பான்மையான காரணம். பழைய கச்சும் மார்பைச் சுற்றிய கட்டினாலேயே தாங்கிற்று என்பது ஒப்புநோக்கத் தக்கது.

வேறுபாடு ஒன்று உண்டு. கட்டும் கச்சின் அளவு உடுப்பவள் கையில் இருந்தது. தைக்கும் குப்பாயத்தின் அளவு தைப்பவர் கைக்கு மாறிற்று. எண்ணும் எழுத்தும் இட்டு விற்கும் மார்க்கச்சின் அளவு விற்போர் கைக்கு மாறியுள்ளது. கடையில் ஆடவர் முன் தன் அளவைச் சொல்லக் கூசி, கிடைத்ததை வாங்கி, நாள்முழுதும் இறுக்கத்தைப் பொறுத்திருக்கும் பெண்டிர் பலர். அவர்க்கு ஆணையிடும் அரசன் இல்லை; கூச்சமே ஆணையாகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். கச்சணிதலும் அணியாமையும் தமிழ்ப் பண்பாட்டில் தொன்றுதொட்டு ஒருங்கே நிலவின. அவற்றுள் ஒன்றை மானம் என்றும் மற்றொன்றை இழிவு என்றும் பிரித்தவை சாதியும் அரசும் பிற்கால நாகரிகக் கருத்துமே. தோள்சீலைப் போராட்டத்தில் மகளிர் வேண்டியது துணியன்று. துணியைப் பற்றித் தாமே முடிவு செய்யும் உரிமை. உடுத்தற்குப் போராடிய அம்மகளிரும், ரவிக்கையின்றி வாழ்ந்த நடுநாட்டு மூதாட்டியரும் எதிரெதிர் நின்றவர் போலத் தோன்றினும், ஒரே உரிமையின் இரு பக்கங்களைக் காட்டுகின்றனர். இன்று ஒரு பெண் தன் உடலுக்குப் பொருந்தும் மார்க்கச்சைத் தேர்ந்து அணியினும், வேண்டாமென விடுப்பினும், அதனை அந்த உரிமையின் வழிவந்ததாகவே வரலாற்று மாணவர் கொள்ளுதல் வேண்டும். உடை பற்றி இனி நிகழும் ஆய்வுகள் என்ன உடுத்தனர் என்பதோடு அமையாது, யார் விருப்பால் உடுத்தனர் என்பதையும் கல்வெட்டு, ஆவணம், வாய்மொழி ஆகியவற்றில் தேடுதல் நலம்.