குன்றின்மேல் நகரங்கள்

பிளாரன்ஸிலிருந்து தெற்கே மோட்டாரில் புறப்பட்ட எங்களுக்கு முதலில் எழுந்த ஐயம் இது: வயலும் நீரும் பள்ளத்தாக்கில் இருக்க, மக்கள் ஏன் உச்சிகளில் குடியேறினர்? படையச்சம் ஒரு காரணம். தாழ்நிலச் சதுப்புகளின் மலேரியாக் காய்ச்சல் மற்றொன்று.

சான் ஜிமிஞானோவில் செல்வக் குடும்பங்கள் போட்டியிட்டு எழுப்பிய கோபுரங்கள் ஒருகாலத்தில் 72 என்பர். இன்று பதினான்கே எஞ்சியுள்ளன. குங்குமப்பூ வாணிகத்தால் செழித்த அவ்வூரை 1348-ஆம் ஆண்டின் கொள்ளைநோய் வீழ்த்தியது. சில ஆண்டுகளுக்குள் அது பிளாரன்ஸுக்கு அடங்கிற்று. புதுப்பிக்கப் பொருளில்லாமற் போனதால் பழமை பிழைத்தது போலும்!

சியேனாவில்தான் நாங்கள் நெடுநேரம் நின்றோம். 1260-இல் மோந்தபெர்த்திப் போரில் பிளாரன்ஸை முறியடித்த குடியரசு அது. 1339-இல் தன் பேராலயத்தையே புதிய ஆலயத்தின் குறுக்குக் கையாக்கி, வேறெங்கும் இல்லாத பெருங்கோயில் ஒன்றைக் கட்டத் துணிந்தது. ஒன்பது ஆண்டுகளில் நோய் வந்தது. நகர மக்களில் பாதிப்பேருக்கு மேல் மாண்டனர் என்று மதிப்பிடுவர். பணி நின்றது. கூரையற்ற அந்த முகப்புச் சுவர் இன்றும் வானத்தைப் பார்த்து நிற்கிறது. குறுகிய படிகளில் ஏறி அதன் உச்சியை அடைந்தோம், வெயில் கொளுத்தியது.

கீழே நகர மன்றத்தில், ஆட்சியாளர் ஒன்பதின்மர் கூடிய அறையில், அம்புரோஜியோ லோரென்செத்தி 1338-39-இல் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளன. ஒருபுறம் நல்லாட்சி: தெருவில் நடனம், கடைகளில் வாணிகம், வாயிலில் பொதிசுமந்த கழுதைகள். மறுபுறம் கொம்பு முளைத்த கொடுங்கோலன். அவன் காலடியில் கட்டுண்ட நீதி. ஆள்வோர் தலைநிமிர்ந்தால் இவ்விரண்டும் கண்ணிற் படும். நல்லாட்சிப் பகுதி இன்றும் தெளிவாயிருக்க, தீயாட்சிப் பகுதியே பெரிதும் சிதைந்துள்ளது. ஓவியரும் 1348-இல் கொள்ளைநோய்க்கே பலியானார் எனக் கருதுகின்றனர். ஒன்பதின்மர் ஆட்சி 1355-இல் கவிழ்ந்தது. நெடிய முற்றுகைக்குப்பின் 1555-இல் குடியரசே சரணடைந்தது.

இறுதியாக மோந்தேபுல்சியானோ. செங்குத்தான தெருவில் மூச்சு வாங்க ஏறினோம். தத்துவ போதகர் என்று தமிழுலகம் அறிந்த இராபர்ட் தெ நோபிலியின் குடும்பம் இவ்வூரைச் சேர்ந்தது. 1577-இல் பிறந்த அவர் 1606-இல் மதுரை சேர்ந்தார். காவியுடுத்தித் தமிழ் கற்று, அம்மொழியில் உரைநடை நூல்கள் இயற்றினார். 1656-இல் மயிலாப்பூரில் மறைந்தார். மாலை வெயிலில் கோட்டைமதிலோரம் நின்றோம். கீழே கியானாப் பள்ளத்தாக்கு நெடுந்தூரம் விரிந்து கிடந்தது.