மூக்கு மறு அறுவை சிகிச்சை: முதல் மாதத் தோற்றமே இறுதியானதா?

மூக்கின் வடிவத்தையோ சுவாசப் பாதையையோ சீர்செய்ய இரண்டாம் முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, கட்டுப் பிரித்த நாளிலேயே ஏமாற்றம் எழுவதுண்டு. நுனி தடித்தும் ஒருபுறம் உப்பியும் தோன்றலாம். தொடக்க வாரங்களில் இதற்குப் பெரும்பாலும் வீக்கமே காரணம்.

வீக்கம் நீடிப்பது ஏன்?

முதல் சிகிச்சையில் உருவான தழும்புத் திசுவைப் பிரித்தே மறு சிகிச்சை மேற்கொள்ளப்படுகிறது. இதனால் நிணநீர் வடியும் பாதைகள் மேலும் பாதிக்கப்பட்டு, வீக்கம் மெதுவாகவே குறைகிறது. காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுத்துப் பொருத்தப்படும் குருத்தெலும்பால் மூக்கு விறைப்பாகவும் இருக்கும்.

எவ்வளவு காலம் ஆகும்?

மூக்குத் தண்டின் வீக்கம் முதலில் வடியும்; நுனியின் வீக்கம் கடைசியில்தான் வடியும். இறுதி வடிவம் தெரிய 12 முதல் 18 மாதங்கள் ஆகலாம். தடித்த தோல் உடையோருக்கு இது மேலும் நீளக்கூடும். எனவே, அடுத்த திருத்தத்திற்குக் குறைந்தது ஓராண்டு காத்திருக்குமாறு மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றனர்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, அதிகரிக்கும் வலி, நிற்காத இரத்தக்கசிவு, தோல் வெளிறுதல் அல்லது கருத்தல் ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவரை அணுக வேண்டும். ஏற்கெனவே அறுவை செய்யப்பட்ட தோலில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம் என்பதால், தாமதம் தோல் அழுகலில் முடியக்கூடும். புகைப்பழக்கம் இந்த ஆபத்தை அதிகரிக்கும்.

மற்றபடி, ஒரே கோணத்திலும் ஒரே வெளிச்சத்திலும் மாதந்தோறும் எடுக்கும் படங்கள், கண்ணாடியில் தினமும் பார்ப்பதைவிட மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும்.