கைகாட்டி தந்த கறுப்பர்

நாற்சந்தியிலே செவ்விளக்கு எரிகிறது. மாளிகைவாசியின் மோட்டார் நிற்கிறது. அதன் பக்கத்திலேயே மூட்டை ஏற்றிய சைக்கிள்காரரும் நிற்கிறார். அங்கே குலம் கேட்பாரில்லை, கோத்திரம் கேட்பாரில்லை. நில் என்றால் நிற்க வேண்டும், அவ்வளவே! (அமைச்சர் பெருமக்களின் வண்டிகளை நாம் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.) இத்தனை சமத்துவத்தை ஓர் இரும்புக் கம்பத்தின்மீது ஏற்றிவைத்த அறிவின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1868 டிசம்பரில், இலண்டன் மாநகரில், பாராளுமன்றத்தின் அருகே முதல் சாலைக் கைகாட்டி எழுந்தது. அமைத்தவர் ஜான் பீக் நைட் என்ற இரயில்வேப் பொறியாளர். இருப்புப்பாதையிலே வண்டிகள் மோதாமல் காக்கும் கைகாட்டி, வீதியிலே குதிரை வண்டிகள் மோதாமல் காவாதோ என்று எண்ணிப் பார்த்தவர் அவர். பகலில் நீளும் கைகள். இரவில் எரிவாயுவால் எரியும் செவ்விளக்கும் பச்சை விளக்கும். அடியிலே நின்று இயக்குவதற்கு ஒரு காவலர். ஆனால் 1869 ஜனவரியிலேயே வாயு கசிந்து விளக்கு வெடித்தது, காவலர் காயமுற்றார். அத்தோடு அந்த முயற்சி அடங்கிற்று. இலண்டன் தெருவிலே மீண்டும் அத்தகைய விளக்கு எரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கசிந்தது குழாய், கைவிட்டதோ கருத்தை!

இடையிலே மோட்டார் பிறந்தது. அமெரிக்க நகரங்களில் குதிரை வண்டியும், டிராம் வண்டியும், மோட்டாரும், நடந்து செல்வோரும் ஒரே வீதியிலே முட்டி மோதினர். சந்தி தோறும் சாவு காத்திருந்தது. மாண்டவர் தலையெழுத்து என்று கூறி மூலையில் அமர்ந்திருந்தால் வேலை எளிது. அப்படி அமராதவர்கள் சிலர் இருந்தனர். 1914 ஆகஸ்டில் கிளீவ்லாந்து நகரில் சிவப்பும் பச்சையுமாக மின்விளக்கு வந்தது. 1920இல் டெட்ராய்ட் நகரக் காவலர் வில்லியம் பாட்ஸ், இரண்டுக்கும் நடுவே மஞ்சளைச் சேர்த்து, நான்கு திசைக்கும் காட்டும் மூவண்ண விளக்கை அமைத்தார்.

இந்தக் கிளீவ்லாந்திலேதான் காரெட் மார்கன் வாழ்ந்தார்.

1877இல் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினப் பெற்றோரின் மகன். தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்றது. இளமையிலேயே வடக்கே பிழைக்க வந்தார். தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பார்த்தே பொறியின் நுட்பம் கற்றார். புகை மேலெழும், தூய காற்று தரையை ஒட்டி நிற்கும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, நீண்ட குழாய் தரையைத் தொடும் முகமூடி ஒன்று செய்து 1914இல் காப்புரிமையும் பெற்றார். தாம் கண்ட கருவியைத் தம் முகத்தோடு விற்க முடிந்ததா? இல்லை! வெள்ளையர் ஒருவரை உரிமையாளர்போலப் பேசவைத்து, தாம் அமெரிக்கப் பழங்குடியினர் வேடம் பூண்டு புகைக்குள் நுழைந்து காட்டினார். கருவி வேண்டும், ஆனால் அதைக் கண்ட கை கறுப்பாக இருத்தல் கூடாது! தீண்டாமை என்னும் நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரிய சொத்தன்று போலும்.

1916 ஜூலையில் ஈரி ஏரிக்கு அடியிலே, நகரத்தின் குடிநீர்ச் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்தது. மீட்கச் சென்றவர்களும் நச்சு வாயுவில் மடிந்தனர். நள்ளிரவில் மார்கனை அழைத்தார்கள். சகோதரரோடு வந்தார், முகமூடி அணிந்து இறங்கினார், மயங்கிக் கிடந்தோரைத் தூக்கி வந்தார். வீரப் பதக்கங்களோ வேறு சிலரைத் தேடிச் சென்றன. ஊரார் சிலர் தாமே கூடி அவருக்குப் பொற்பதக்கம் ஒன்று அளித்தனர்.

அத்தகையவர் கண்ணெதிரே மோட்டாரும் குதிரை வண்டியும் மோதிக்கொண்டன. அவர் சிந்தித்தது எதை? நில், செல் என்ற இரண்டே கட்டளையில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கட்டளை மாறும் நொடியில் சந்தியின் நடுவிலே இருப்பவன் கதி என்ன? அவன் கடந்து முடியுமுன் குறுக்கே வருபவன் பாய்ந்துவிடுகிறான். 1923 நவம்பரில் மார்கன் காப்புரிமை பெற்ற கைகாட்டியில் மூன்றாவது நிலை ஒன்று இருந்தது: எல்லாத் திசையும் நில்! அந்த இடைவெளியில் சந்தி காலியாகும். நடந்து செல்வோர் அச்சமின்றிக் கடப்பர். இரவில் காவலர் இல்லாதபோது கைகளை அரைக்கம்பத்தில் நிறுத்தினால், பார்த்துச் செல் என்பது பொருள். கையால் சுழற்றும் பொறி. செய்வதற்குச் செலவும் மிகுதியில்லை. உரிமையை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு 40,000 டாலருக்கு விற்றார் என்பர்.

மூவண்ண விளக்கையே முதலில் கண்டவர் மார்கன் என்று எழுதுவோரும் உளர். அது உண்மையன்று. டெட்ராய்ட்டின் விளக்கு அவருடைய காப்புரிமைக்கு மூன்றாண்டு மூத்தது. மார்கனுடையது கைகளை நீட்டும் கம்பம். ஒடுக்கப்பட்டோரின் பெருமை பேச வேண்டும் என்ற ஆர்வம் நமக்கும் உண்டு. ஆயினும் புராணங்களைப் புரட்டிக் கேள்வி கேட்கும் நாம், நமக்கு உகந்தவருக்காகப் புதியதொரு புராணம் புனையலாமா? அவர் செய்தது எதுவோ அதுவே போதுமான பெருமை. இக்காலத்து விளக்குகளைக் கூர்ந்து நோக்குங்கள்: ஒரு திசைக்குச் சிவப்பு விழுந்தபின், மறு திசைக்குப் பச்சை வருமுன், எல்லாப் பக்கமும் சிவப்பாகவே இருக்கும் ஓரிரு நொடி பல சந்திகளில் உண்டு. கணக்கிடுவது இன்று கணினி. வண்டிகளை எண்ணுவது தரைக்கடியில் பதித்த கம்பிச்சுருளும், கம்பத்தில் பொருத்திய கேமராவும். ஆனால் அந்த ஓரிரு நொடியின் பயன் மார்கன் கண்ட அதே பயன்தான்.

1963இல் அவர் மறைந்தார். எந்த நகரத்தின் குடிநீர்ச் சுரங்கத்தில் இறங்கி அவர் மனிதரை மீட்டாரோ, அந்தக் கிளீவ்லாந்தின் குடிநீர் நிலையம் ஒன்று பின்னாளில் அவர் பெயரைத் தாங்கிற்று.