போல்யாஸ்கோவின் பொன்

ஐவி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஆங்கில நாவல்களில் வரும் பழைய மாளிகைச் சுவர்தான். எனக்கு நினைவுக்கு வருவது ஓர் இலை. ஓரத்தில் கரும்பச்சை, நடுவில் யாரோ மஞ்சள் சாயத்தைக் கொட்டிவிட்ட மாதிரி ஒரு திட்டு. நர்சரிகளில் இதற்கு 'கோல்ட்ஹார்ட்' என்று பெயர்.

ஐவி மோகம் உச்சத்தில் இருந்தது விக்டோரியா காலத்து இங்கிலாந்தில். ஷர்லி ஹிப்பர்ட் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் 1872இல் இந்த ஒரு கொடிக்காகவே தனி நூல் வெளியிட்டார். இலையின் வடிவம், நிறம் என்று பார்த்துப் பார்த்து ரகங்களைச் சேர்த்த காலம் அது.

கோல்ட்ஹார்ட் அதற்கு வெகுகாலம் கழித்து வந்தது. பிறந்த இடம் இத்தாலியில், ஜெனோவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் போல்யாஸ்கோ என்ற கடலோரச் சிற்றூர். அங்கே அதன் பெயர் 'ஓரோ தி போல்யாஸ்கோ', அதாவது போல்யாஸ்கோவின் பொன். வியாபாரத்தில் எல்லை தாண்டும்போது ஊர்ப்பெயர் உதிர்ந்துபோனது. பிரிட்டனில் 'ஜூபிலி' என்று விற்றார்கள், 'கோல்ட்ஹார்ட்' என்றும் விற்றார்கள். பிற்பாடுதான் ஐவி ரகங்களை ஆராய்ந்தவர்கள் பழைய இத்தாலியப் பெயரை மீட்டுக்கொடுத்தார்கள்.

பெயரை ஒருமுறை மீட்டால் போதும். மஞ்சளை அப்படி விட முடியாது. இந்த இலையில் பச்சையம் உள்ள செல்களும் அது குறைந்த செல்களும் சேர்ந்தே வளர்கின்றன. விதை போட்டால் இந்த அமைப்பு அப்படியே வராது. கணுவுக்குக் கீழே தண்டை வெட்டி, ஈரமான மணல் கலந்த மண்ணில் ஊன்றி வேர்விட வைக்கணும். அப்படிப் பார்த்தால் இன்றைக்கு இருக்கும் ஒவ்வொரு கோல்ட்ஹார்ட்டும் அந்த முதல் கிளையின் ஒரு துண்டுதான்.

அதோடு வேலை முடியவில்லை. திடீரென்று ஒரு கிளை முழுப்பச்சையாகத் துளிர்க்கும். பச்சையம் அதிகம் என்பதால் அது வேகமாக வளர்ந்து மஞ்சள் கிளைகளை மூடிவிடும். கண்ணில் பட்டதும் அடியோடு வெட்டணும். அடர்ந்த நிழலில் மஞ்சள் மங்கும், ஆகவே நல்ல வெளிச்சம் வேண்டும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். வீட்டுக்குள் காற்று சூடாக, வறட்சியாக இருந்தால் சிலந்திப்பேன் வரும், இலைகளை அடிக்கடி கழுவிவிடணும். சாறு சிலருக்கு அரிக்கும் என்பதால் கையுறை நல்லது.

ஒரு கல்வெட்டு, கவனிக்க ஆளே இல்லாமல் பல நூறு வருடம் நிற்கும். இந்த மஞ்சளுக்கு அந்த வசதி கிடையாது. யாரும் வெட்டாமல் சில வருடங்கள் விட்டால் சுவர் பச்சையாகிவிடும். கொடி நன்றாகவே இருக்கும், ரகம் இருக்காது. போல்யாஸ்கோவிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேர் கத்தரியோடு நின்று அந்தப் பச்சைக் கிளையை வெட்டியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் காப்பாற்றிக் கொடுத்த மஞ்சள் மட்டும் நம்மிடம் இருக்கிறது.